"ஐரோப்பா மறுத்தது" என்று செய்தி வந்தால், மறுத்தது யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கரூரில் ஏற்றுமதி டாக்குமென்டேஷன் பார்த்தே எனக்கு 26 வருடம் ஓடிவிட்டது. பெட்ஷீட், தலையணை உறை, கிச்சன் டவல். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங். இப்போது வேலையை விட்டுவிட்டு, புதிதாக மெர்ச்சண்டைசராகச் சேரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறேன். "மேடம், பேப்பரில் ஐரோப்பா எதிர்ப்பு, ஐரோப்பா சம்மதம்னு போடுறாங்களே, அது யாரு? ஜெர்மனியா, பிரஸ்ஸல்ஸா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் ஒரு பேட்ச் முடிந்ததில்லை.

இதற்குப் பதில் தெரியாமல் நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். 1997 நவம்பரில் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து மூன்று நாட்டிலிருந்தும் போகும் பருத்திப் படுக்கை விரிப்புகளுக்கு ஐரோப்பா ஆன்டி டம்பிங் வரி போட்டது, அதாவது உள்ளூர் விலையைவிடக் குறைத்து அங்கே விற்கிறோம் என்று சொல்லிப் போடும் கூடுதல் வரி. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் பெரிய பையர் இருந்த நாட்டின் தூதரகத்துக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதச் சொன்னார் முதலாளி. நானும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருக்கமாக எழுதினேன். ஆறு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: இது எங்கள் கையில் இல்லை, பிரஸ்ஸல்ஸைக் கேளுங்கள். அதாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகத்தை. கடிதத்தில் குறை இல்லை. முகவரிதான் தப்பு.

அந்த முகவரியைச் சரியாகப் போடும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைப் பார்க்கவும், அப்புறம் அமைப்பை

பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். "உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பினரா?" என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, பேசப்படும் விஷயத்தில் அதிகாரத்தை 27 நாடுகளும் ஒன்றியத்துக்குக் கொடுத்துவிட்டனவா, கையிலேயே வைத்திருக்கின்றனவா என்பது. சுங்கம், வெளிநாட்டு வர்த்தகம், கடல் மீன் வளப் பாதுகாப்பு இவை முழுக்க ஒன்றியத்தின் கையில். யூரோ நாடுகளுக்குப் பணக் கொள்கை ஐரோப்பிய மத்திய வங்கியின் கையில். வருமான வரி, நாட்டு பட்ஜெட் எல்லாம் அந்தந்த நாட்டின் கையில். விவசாயம், சுற்றுச்சூழல் போன்றவை இரண்டு பேருக்கும் பொது.

கூட்டுக் குடும்பத்தில் நிலம் பொதுச் சொத்தாக இருக்கும், நகை அவரவர் பீரோவில் இருக்கும் இல்லையா, அப்படி. நிலத்தை விற்பதைப் பற்றி மூத்தவர்தான் பேசுவார். நகையைப் பற்றி அவரிடம் கேட்டால், "அவங்ககிட்டயே கேளுங்க" என்பார்.

ஜெனீவா: 28 பேர் உட்கார்ந்து ஒருவர் பேசும் இடம்

உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பிய ஒன்றியம் தனியாக ஓர் உறுப்பினர். அதன் 27 நாடுகளும் தனித்தனியாக உறுப்பினர்கள். ஆக 28. அதற்காக 28 ஓட்டு கிடையாது. ஒன்றியத்துக்கும் அதன் நாடுகளுக்கும் சேர்த்து, நாடுகளின் எண்ணிக்கைக்கு மேல் ஓட்டு போகக்கூடாது என்று அமைப்பின் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஓட்டெடுப்பு அநேகமாக நடப்பதே இல்லை, எல்லாம் ஒருமித்த கருத்தில் போகிறது என்பது வேறு கதை.

கூட்டத்தில் வாய் திறப்பது ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணையத்தின் அதிகாரி. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்காரர்கள் அறையில் இருப்பார்கள், குறிப்பெடுப்பார்கள், பேச மாட்டார்கள். அவர்கள் தாங்களாகவே பேசும் முக்கியமான இடம் அமைப்பின் வரவு செலவைப் பார்க்கும் குழு. ஏனென்றால் சந்தா கட்டுவது அந்தந்த நாடுகள், ஒன்றியம் இல்லை. காசு கொடுப்பவர் கேள்வி கேட்பார், எங்கும் உள்ளதுதான்.

சரி, இதைச் செய்தியில் எப்படிப் பிடிப்பது? வழக்கின் தலைப்பைப் பாருங்கள். எங்கள் படுக்கை விரிப்பு விஷயத்தில் இந்தியா 1998 ஆகஸ்டில் ஜெனீவாவுக்குப் போனது. எதிர்த்தரப்பில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, ஒன்றியத்துக்கு அங்கே அப்போதிருந்த பெயரான "ஐரோப்பிய சமூகங்கள்" என்றுதான் இருந்தது. பதில் சொல்ல வந்தவர்கள் ஆணையத்தின் வக்கீல்கள். அந்த வழக்கின் விஷயத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தலையணை உறையை உள்ளூர் விலையைவிடப் பத்து ரூபாய் குறைத்து அனுப்புகிறோம், பெட்ஷீட்டைப் பத்து ரூபாய் கூட்டி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிக் கழித்தால் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கணக்கில் கூட்டி விற்றதைப் பூஜ்யம் என்று போட்டுவிட்டு, குறைத்து விற்றதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன, எல்லோரும் குறைத்து விற்பவர்களாகத்தானே தெரிவோம். 2001 மார்ச் 1 அன்று மேல்முறையீட்டு அமர்வு இந்தக் கணக்கு செல்லாது என்று சொன்னது. கரூர் கட்டிலில் விரிக்கும் துணியை வைத்து உலகத்துக்கே ஒரு கணக்குப் பாடம் நடந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்ன கர்வம் உண்டு.

இதற்கு நேர்மாறாக ஏர்பஸ் வழக்கைப் பாருங்கள். அமெரிக்கா அதில் ஐரோப்பிய சமூகங்களோடு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் நான்கின் பெயரையும் சேர்த்தது. விமானக் கம்பெனிக்கு மானியம் கொடுத்தது அந்த நாடுகள். வரி போட்டால் பொறுப்பு பிரஸ்ஸல்ஸுக்கு. பணம் கொடுத்தால் கொடுத்தவரையும் இழுக்கலாம். தலைப்பில் எத்தனை பெயர் என்று எண்ணினாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

தேடும்போது ஒன்று கவனிக்கவும். உலக வர்த்தக அமைப்பின் ஆவணங்களில் 2009 நவம்பர் 30 வரை "ஐரோப்பிய சமூகங்கள்" என்ற பெயர்தான். ஒன்றியத்தின் அடிப்படை விதிகளை மாற்றிய லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2009 டிசம்பர் 1 முதல்தான் "ஐரோப்பிய ஒன்றியம்". பழைய வழக்கைப் புதுப் பெயரில் தேடிவிட்டு, "அப்படி ஒன்றும் இல்லை மேடம்" என்று வந்து நிற்பவர்கள் வருடத்துக்கு நாலு பேர்.

சமையல் நடப்பது பிரஸ்ஸல்ஸில்

ஜெனீவாவில் பரிமாறுவதுதான் நடக்கிறது. ஆணையம் ஒரு நிலைப்பாட்டை எழுதும். அது 27 நாடுகளின் அதிகாரிகள் உட்காரும் வர்த்தகக் கொள்கைக் குழுவுக்குப் போகும். புதிய ஒப்பந்தம் என்றால் பேச்சுவார்த்தையைத் தொடங்க அமைச்சர்கள் அவை அனுமதி கொடுக்க வேண்டும், முடிந்த பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாடாளுமன்றத்தின் பங்கு லிஸ்பன் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் இவ்வளவு பலமானது. பழைய புத்தகத்தில் படித்தவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சமையலைப் புரிந்துகொள்ள 2024 அக்டோபர் 4 ஓட்டெடுப்பைப் படியுங்கள். சீன மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் வரி போடலாமா என்று கேள்வி. ஆதரவு 10 நாடு, எதிர்ப்பு 5 நாடு, நடுநிலை 12 நாடு. எதிர்த்தவர்களில் ஜெர்மனியும் ஒன்று. பாதிப் பேர்கூட ஆதரிக்கவில்லையே என்று தோன்றும். ஆனால் இந்த மாதிரி வரிகளில் விதி வேறு. ஆணையத்தின் முன்மொழிவைத் தடுக்கத்தான் தகுதிப் பெரும்பான்மை வேண்டும், அதாவது குறைந்தது 15 நாடு, அவற்றில் மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு 65 பேர். எதிர்ப்பு அந்த அளவுக்குத் திரளவில்லை என்றால் ஆணையம் மேலே போகலாம். போனது, அந்த மாதக் கடைசியிலேயே வரி வந்தது. ஆகவே "ஜெர்மனி எதிர்க்கிறது, வரி வராது" என்று யாராவது சொன்னால் நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள். கார் நம் சரக்கில்லை, விதி நம் சரக்குக்கும் அதேதான்.

வாஷிங்டன்: ஐரோப்பா சிதறி உட்காரும் இடம்

சர்வதேச நாணய நிதியத்துக்கு வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. அங்கே நாடுகள்தான் உறுப்பினராக முடியும். 191 உறுப்பினர்களில் ஐரோப்பிய ஒன்றியம் என்ற பெயரே இல்லை.

நிர்வாகக் குழுவில் இப்போது 25 நாற்காலி. ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் தனி நாற்காலி. மற்றவர்கள் எங்கே என்று தேடினால் வேடிக்கையாக இருக்கும். ஸ்பெயின் மெக்சிகோவோடும் மத்திய அமெரிக்க நாடுகளோடும் உட்கார்ந்திருக்கிறது. அயர்லாந்து கனடாவோடும் கரீபியத் தீவுகளோடும். போலந்து சுவிட்சர்லாந்தோடு. நம் இந்தியா இலங்கை, வங்கதேசம், பூட்டானோடு ஒரே நாற்காலியில் இருப்பது போலத்தான் இதுவும். வித்தியாசம், அவர்கள் ஒரே சந்தையில் இருந்துகொண்டு இப்படிப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

27 நாடுகளின் ஓட்டையும் கூட்டிப் பாருங்கள், நூற்றுக்குச் சுமார் 25 வரும். அமெரிக்காவுக்குச் சுமார் 16.5. முக்கியமான முடிவுகளுக்கு நூற்றுக்கு 85 வேண்டும் என்பதால் அமெரிக்கா ஒன்றே தடுக்க முடியும். ஐரோப்பா ஒன்றாக உட்கார்ந்தால் அதுவும் தடுக்கலாம், அமெரிக்காவைவிடப் பெரிய பங்குதாரராகவும் ஆகலாம்.

பின் ஏன் உட்காரவில்லை? ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது, யூரோ நாடுகள் ஒரே பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம் என்று. 2015 அக்டோபரில் ஆணையம் ஒரு திட்டமும் கொடுத்தது, 2025க்குள் யூரோ நாடுகளுக்கு ஒரே நாற்காலி என்று. 2025 வந்து போய்விட்டது. தனி நாற்காலி வைத்திருப்பவர் அதை விட்டு எழுந்திருக்க மாட்டார், பெரிய குழுவுக்குத் தலைமை தாங்கும் நாடும் விடாது. ஒற்றுமை இல்லை என்று இதைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒன்பது நாற்காலியில் பரவி இருப்பதிலும் ஒரு வசதி இருக்கிறது: ஒன்பது மைக்கில் பேசலாம். 1946 முதல் நிதியத்தின் மேலாண் இயக்குநர் பதவியில் ஐரோப்பியர்தான் தொடர்ந்து இருக்கிறார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது இருக்கும் கிறிஸ்டலினா ஜார்ஜியேவா பல்கேரியாக்காரர்.

ஒருங்கிணைப்பே இல்லை என்றும் நினைக்கக்கூடாது. பிரஸ்ஸல்ஸில் பொருளாதார நிதிக் குழுவுக்குக் கீழே நாணய நிதிய விவகாரத்துக்கென்றே ஒரு துணைக்குழு இருக்கிறது. வாஷிங்டனிலும் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் கூடி முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். யூரோ வந்த 1999 முதல் ஐரோப்பிய மத்திய வங்கிக்குப் பார்வையாளர் இடம் உண்டு. பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் இலங்கையை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஆடை ஏற்றுமதிக்கான ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை 2010 ஆகஸ்டில் நிறுத்தியதும், 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம். கொழும்பு பேச வேண்டிய முகவரி ஒன்றுதான். 2023 மார்ச்சில் நாணய நிதியம் இலங்கைக்குச் சுமார் 300 கோடி டாலர் கடன் திட்டத்தை ஒப்புக்கொண்டபோது, பேச வேண்டிய ஐரோப்பியர்கள் எத்தனையோ தலைநகரங்களில் இருந்தார்கள்.

ஜி20இல் பெயர்ப் பலகை

பெரிய பொருளாதாரங்கள் கூடிப் பேசும் ஜி20 1999இல் தொடங்கியதே 19 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் என்றுதான். 2023 செப்டம்பரில் டெல்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி தனியாகவும் உறுப்பினர்கள், ஒன்றியத்துக்குள்ளும் இருக்கிறார்கள். ஸ்பெயின் நிரந்தர விருந்தாளி. தலைமைப் பொறுப்பு சுற்றி வரும்போது ஒன்றியத்துக்கு முறை வருவதில்லை.

உச்சி மாநாட்டுக்கு ஒன்றியத்திலிருந்து இரண்டு தலைவர்கள் போவார்கள்: 27 நாட்டுத் தலைவர்களும் கூடும் ஐரோப்பிய கவுன்சிலின் தலைவர் அன்டோனியோ கோஸ்டா, ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன். ஒரு பலகைக்கு இரண்டு தலைவர் என்பதில் சிக்கல் வராமல் இருக்குமா? ஜி20 இல்லை என்றாலும், 2021 ஏப்ரலில் அங்காராவில் நடந்தது ஞாபகம் இருக்கும். துருக்கி அதிபருக்கு ஒரு நாற்காலி, அப்போதைய கவுன்சில் தலைவருக்கு ஒரு நாற்காலி, ஆணையத் தலைவரான அம்மையாருக்கு ஓரமாக ஒரு சோபா. நம் ஊர்க் கல்யாண வீட்டில் சம்பந்திக்கு நாற்காலி போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

ஜி20 அறிக்கைகளைப் படிக்கும்போது அதில் சட்டமாக எதுவும் இல்லை என்பதை மனதில் வைத்தால் போதும். அதிகம் நேரம் செலவழிக்க வேண்டாம். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யிலும் ஆணையம் கூட்டங்களில் கலந்துகொள்ளும், ஓட்டு கிடையாது.

ரோமில் ஒரு சீட்டு

எனக்குப் பிடித்தது இதுதான். ரோமில் இருக்கும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பில் ஒன்றியம் 1991 நவம்பரில் "உறுப்பு அமைப்பு" என்ற தகுதியில் சேர்ந்தது. அதற்காக அமைப்பின் சாசனத்தையே திருத்தினார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒன்றியம் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலின் முதல் விஷயத்தில் அதிகாரம் யாருக்கு, ஓட்டு யாருக்கு? இரண்டாவதில் யாருக்கு? இப்படிக் கடைசி வரை. ஒன்றியம் ஓட்டுப் போட்டால் 27 ஓட்டு, நாடுகள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாடுகள் போட்டால் ஒன்றியம் போடக்கூடாது.

இதில் அவர்களுக்குள்ளேயே வழக்கு நடந்திருக்கிறது. மீன்பிடி ஒப்பந்தம் ஒன்றில் ஓட்டு நாடுகளுக்கு என்று அமைச்சர்கள் அவை முடிவு செய்ய, ஆணையம் கோர்ட்டுக்குப் போய் 1996 மார்ச்சில் ஜெயித்தது. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸில் ஒன்றியம் 2003இல் சேர்ந்தது, அங்கேயும் இதே சீட்டு முறைதான். மிளகாய்த்தூள், மசாலா, இறால் அனுப்புபவர்கள் கூட்ட ஆவணங்களில் முதலில் தேட வேண்டியது இந்தச் சீட்டைத்தான். எவரிடம் முறையிட வேண்டும் என்பதை அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும்போது நாம் ஏன் ஊகிக்க வேண்டும்?

சீட்டு இல்லாத இடங்களில் பேச்சின் முதல் வரியைப் பாருங்கள். "ஐரோப்பிய ஒன்றியத்தின் சார்பில்" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் முழு அதிகாரமும் அங்கே. "ஐரோப்பிய ஒன்றியம் மற்றும் அதன் உறுப்பு நாடுகளின் சார்பில்" என்றால் விஷயம் கலப்பு, நாடுகளின் சம்மதமும் வேண்டும். சின்ன வித்தியாசமாகத் தெரியும். 2011இல் பிரிட்டன் இந்த ஒரு வரிக்காகவே ஐ.நா. அமைப்புகளில் ஒன்றியத்தின் பல அறிக்கைகளை வெளிவரவிடாமல் நிறுத்திவைத்தது.

நம் கடிதம் எங்கே போக வேண்டும்

உலக வர்த்தக அமைப்புக்குக் கம்பெனிகள் நேரே போக முடியாது. ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில், அங்கிருந்து டெல்லி வர்த்தக அமைச்சகம், அங்கிருந்து ஜெனீவா. அது நீண்ட பாதை. படுக்கை விரிப்பு வழக்கில் புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவில் இரண்டரை வருடம்.

ஆகவே அதற்கு முந்தின கட்டத்தில் போய் நிற்பதுதான் புத்திசாலித்தனம். ஆன்டி டம்பிங் விசாரணை தொடங்கினால் ஒன்றியத்தின் அரசிதழில் அறிவிப்பு வரும். அதிலேயே கெடு எல்லாம் இருக்கும். சம்பந்தப்பட்ட தரப்பு என்று நம் கம்பெனி பெயரில் பதிவு செய்து, கேள்வித்தாளுக்கு நேரத்தில் பதில் கொடுத்தவர்களின் கணக்கைப் பார்ப்பார்கள். கொடுக்காதவர்களுக்குக் கிடைத்த தகவலை வைத்து வரி போடுவார்கள், அது பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். புதிய சட்டம் என்றால் ஆணையத்தின் இணையதளத்தில் கருத்துக் கேட்பு இருக்கும், வெளிநாட்டுக்காரர்களும் எழுதலாம். பையரை விட்டு அவர் நாட்டு அமைச்சகத்தில் பேசச் சொல்வதும் பயன் உள்ளதுதான். அந்த அமைச்சகத்தின் ஆள்தானே பிரஸ்ஸல்ஸ் குழுவில் உட்காருகிறார். தூதரகத்துக்கு மூன்று பக்கம் எழுதுவது மட்டும் வேண்டாம்.

லண்டன் பையர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ஜெனீவாவில் இப்போது தன் வாயால் பேசுகிறது, ஆன்டி டம்பிங் விசாரணையைத் தானே நடத்துகிறது, வளரும் நாடுகளுக்கான வரிச்சலுகைத் திட்டமும் தனியாக வைத்திருக்கிறது. ஹாம்பர்க் ஷிப்மென்டுக்கு வைத்திருக்கும் அறிவிப்புக் கோப்பிலேயே பிரிட்டன் தாள்களையும் செருகிவைக்கும் பழக்கம் இன்னும் பல ஆபீஸில் இருக்கிறது. தனிக் கோப்புப் போட்டுவிடுங்கள்.